தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலம் வாங்கித் தோட்டம் போட நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மாரண்டஅள்ளிக்கு அப்பால் மூன்றே முக்கால் ஏக்கர் புன்செய் வாங்கினேன். அன்று முதல் சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள், அவர்களுடைய மைத்துனர்கள் என்று யாராவது ஒருவர் வாரம் தவறாமல் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். நான் வழக்கறிஞன் இல்லை, வேளாண் அதிகாரியும் இல்லை. ஏமாந்தும் தப்பித்தும் கற்றுக்கொண்டவன். பணம் கைமாறும் முன் உங்கள் வழக்கறிஞரிடம் எல்லாக் காகிதத்தையும் காட்டிவிடுங்கள்.

நான் விவசாயி இல்லை. விவசாய நிலம் வாங்கலாமா?

வாங்கலாம். தமிழ்நாட்டில் அதற்குத் தடை இல்லை. பக்கத்துக் கர்நாடகத்தில்தான் விவசாயி அல்லாதவர் வாங்க 2020 வரை கட்டுப்பாடு இருந்தது. வெளிநாடு வாழ் இந்தியர்கள் மட்டும் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, வாரிசு உரிமையில் பெறலாம். நில உச்சவரம்பு ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்). இதைப் படிப்பவர்களில் அந்தக் கவலை உள்ளவர்கள் குறைவு என்று நினைக்கிறேன்.

எந்தப் பக்கம் வாங்குவது நல்லது?

வரைபடத்தில் இரண்டே மாவட்டம். 2004 வரை அதுவும் ஒன்றே. ஆனால் மேலிருந்து கீழே வரும்போது ஐந்தாறு ஊர்களைக் கடப்பதுபோல மண்ணும் காற்றும் மாறும்.

ஓசூர், சூளகிரிப் பக்கம் குளிர்ச்சி. ரோஜாவும் பசுமைக்குடில்களும் அங்கேதான். ஆனால் தொழிற்சாலைகள் வந்தபின் அங்கே விலையைப் பலர் சதுர அடியில்தான் பேசுகிறார்கள். விலையைச் சதுர அடியில் சொல்பவரிடம் விவசாயத்துக்கு நிலம் கேட்பது வீண் வேலை. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் கேழ்வரகு அருமையாக வரும். அதைத் தின்ன யானையும் வரும், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ராயக்கோட்டை, பாலக்கோடு, மாரண்டஅள்ளி மூன்றும் தக்காளிக்கும் காய்கறிக்கும் பேர்போனவை. சந்தை பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி. காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, பர்கூர் பக்கம் மாவும் தென்னையும். கிருஷ்ணகிரி அணை, பாரூர் ஏரி ஆகியவற்றின் பாசனம் எட்டும் இடங்களில் நிலத்தை விற்பவர்கள் குறைவு. அப்படி ஒருவர் விற்கிறார் என்றால் ஏன் என்று இரண்டு முறை கேளுங்கள். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரைப் பக்கம் வெயில் அதிகம். மஞ்சள், மரவள்ளி, கரும்பு என்று அது வேறு உலகம். பென்னாகரம், ஏரியூர்ப் பக்கம் விலை குறைவு. காரணம் தண்ணீர்.

என் யோசனை ஒன்றுதான்: நீங்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் நிலமாகப் பாருங்கள். அதற்கு மேல் என்றால் முதல் ஆண்டு வாரம் ஒருமுறை போவீர்கள், இரண்டாம் ஆண்டு மாதம் ஒருமுறை, மூன்றாம் ஆண்டு பொங்கலுக்குப் போவீர்கள்.

எந்த மாதத்தில் நிலம் பார்க்க வேண்டும்?

சித்திரையில். தரகர்கள் கார்த்திகையில் அழைத்துப் போவார்கள். அப்போது கொள்ளு பூத்திருக்கும், ஓடையில் தண்ணீர் சலசலக்கும், பாறைக்குக்கூட பச்சைப் போர்வை இருக்கும். ஏப்ரல் கடைசியில் பகல் பன்னிரண்டு மணிக்குப் போய் நில்லுங்கள். சுற்றிலும் எந்தத் தோட்டம் பச்சையாக இருக்கிறது, எந்தக் கிணற்றில் மோட்டார் ஓடுகிறது, எந்த வீட்டு வாசலில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக இருக்கின்றன என்று பார்த்தாலே பாதி விவரம் கிடைத்துவிடும். பிறகு ஒரு முறை கனமழை பெய்த மறுநாளும் போங்கள். வண்டி போகும் பாதை அன்று வண்டி போகும் பாதையாகவே இருக்கிறதா என்று தெரியும்.

தண்ணீர் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

இங்கே ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர். மோசமில்லை. ஆனால் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. மணற்பாங்கான ஊர்களில் இருப்பதுபோல நீர் பரவி நிற்காது, பாறையின் வெடிப்புகளில் ஓடும். அதனால்தான் ஒருவர் கொல்லையில் 300 அடியில் தண்ணீர் பீறிடும், வரப்பைத் தாண்டினால் 1,000 அடிக்கும் புகைதான் வரும். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரையும் அழைத்தேன், கருவி வைத்துப் பார்ப்பவரையும் அழைத்தேன். இருவரும் வேறு வேறு இடத்தைக் காட்டினார்கள்.

என் நிலத்தில் முதல் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, பொய்த்துப்போனது. இரண்டாவதைப் போட்ட இரவு நன்றாக நினைவிருக்கிறது. திருச்செங்கோட்டுப் போர் வண்டி வந்து சேரவே இரவு ஒன்பதாகிவிட்டது. கம்ப்ரசர் இரைச்சலில் பேச முடியாது, சைகைதான். வெள்ளைப் புழுதி எழுந்து வேப்பமரத்தை மூடியது. பக்கத்து நிலத்துப் பெரியவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து, துளையிடும் ராடு ஒவ்வொன்றும் இறங்கும்போது ஒரு கூழாங்கல்லை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "வண்டிக்காரர் கணக்கு வேறு, என் கணக்கு வேறு, தம்பி" என்றார். ஒன்றரை மணிக்குப் புழுதி நின்று சாம்பல் நிறச் சேறு தெறித்தது. 640 அடி. ஒன்றேகால் இஞ்ச் தண்ணீர். ரசீதில் 680 அடி என்று இருந்தது. பெரியவர் கைக்கற்களை நீட்டினார். 640க்குத்தான் பணம் கொடுத்தேன்.

ஆகவே, ராடின் நீளத்தைக் கேட்டுக்கொண்டு நீங்களே எண்ணுங்கள். போர் போடும் முன் ஊராட்சியின் அனுமதி வேண்டும், 2015 முதல் விதி அப்படி. பொய்த்த போரை அன்றைக்கே மூடுங்கள். குழந்தைகள் நடமாடும் இடம்.

வாங்கும் முன் செய்ய வேண்டியது: சுற்றியுள்ள ஐந்து நிலங்களில் எத்தனை அடியில் தண்ணீர், எத்தனை போர் பொய்த்தது, கோடையில் மோட்டார் எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓடுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விற்பவரிடம் கேட்காதீர்கள். டீக்கடையில் கேளுங்கள்.

போர் தண்ணீரைக் குடிக்கலாமா?

சோதித்துப் பார்க்காமல் குடிக்க வேண்டாம். இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கத் தகாது. மஞ்சள் படிந்த பற்களையும் வளைந்த கால்களையும் இந்தப் பக்கத்து ஊர்களில் பார்த்திருப்பீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டதே இதற்காகத்தான். கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது, அடர்த்திதான் கூடும். தோட்டத்துக்குப் போர் தண்ணீர், குடிக்க ஊர்க்குழாய்த் தண்ணீர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பத்திரத்தில் "கிணற்றில் கால் பங்கு" என்று இருக்கிறது. என்ன பொருள்?

தாத்தா வெட்டிய கிணறு, பேரன்கள் நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் முறை வைத்துத் தண்ணீர். மோட்டாருக்கான மின் இணைப்பு (சர்வீஸ்) பெரும்பாலும் ஒருவர் பேரில் இருக்கும், மற்றவர்கள் வாய்ச்சொல்லில் இறைத்துக்கொள்வார்கள். உறவுக்குள் இருக்கும்வரை இது ஓடும். வெளியாளாக நீங்கள் நடுவில் வந்து நின்றதும் முறை மறந்துபோகும், மோட்டார் பழுதாகும், ஃப்யூஸ் காணாமல் போகும். பங்குக் கிணற்றை நம்பி விலை கூட்டிக் கொடுக்காதீர்கள். இருந்தால் நல்லது என்ற கணக்கில் வையுங்கள். பங்கு, முறை நாட்கள், குழாய் போகும் வழி ஆகிய மூன்றும் பத்திரத்தின் சொத்து விவரத்தில் எழுத்தாக இருக்க வேண்டும்.

எந்தெந்தக் காகிதங்களைப் பார்க்க வேண்டும்?

பட்டா, சிட்டா (நிலம் யார் பேரில் என்று சொல்லும் வருவாய்த்துறைக் காகிதங்கள்), அடங்கல் (பயிர் விவரம்), 'அ' பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் ஊர்ப் பதிவேடு), புல வரைபடம் (எல்லை அளவுகள்), வில்லங்கச் சான்று (பதிவான கிரயம், அடமானங்களின் பட்டியல்), மூலப்பத்திரங்கள். பட்டாவும் புல வரைபடமும் அரசின் இணையச் சேவையில் கிடைக்கும். வில்லங்கம் பதிவுத்துறை இணையதளத்தில் கிடைக்கும். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் போட்டுப் பாருங்கள்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. 1980களில் நடந்த யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல ஊர்களில் சர்வே எண்கள் மாறின. பழைய பத்திரத்தில் பழைய எண், இன்றைய பட்டாவில் புதிய எண். இரண்டையும் பொருத்திப் பார்க்காமல் புதிய எண்ணுக்கு மட்டும் வில்லங்கம் போட்டால் காகிதம் பளிச்சென்று இருக்கும், அதற்கு முந்திய கதை வெளியே வராது. அந்தத் திட்டத்தில் பேர் தவறி ஏறிய பட்டாக்களும் உண்டு. பட்டா வைத்திருப்பவரெல்லாம் உரிமையாளர் என்று நினைத்துவிட வேண்டாம். பத்திரத் தொடர் அறுபடாமல் வந்திருக்க வேண்டும்.

வில்லங்கச் சான்றில் பதிவானது மட்டுமே வரும். வாய்மொழிப் பாகப்பிரிவினை வராது, நடந்துகொண்டிருக்கும் வழக்கு பல நேரம் வராது. கூட்டுறவுச் சங்கத்தில் நிலத்தின் பேரில் கடன் நிற்கிறதா என்று நேரில் கேளுங்கள். பொது அதிகாரப் பத்திரம் வைத்து விற்பவரிடம் வாங்குவதாக இருந்தால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்து செய்திருக்கிறாரா என்று பார்க்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

இந்த மாவட்டங்களுக்கே உரிய இன்னொன்று: எரிவாயுக் குழாய், உயரழுத்த மின்கோபுரம், சாலை விரிவாக்கம். சேலம் எட்டு வழிச் சாலைக்கு 2018இல் கல் நட்டபோது அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எத்தனை பேர் அழுதார்கள் என்பது ஊரறிந்த கதை. குழாய் போகும் பட்டையில் நிலம் உங்களுடையதாகவே இருக்கும், ஆனால் வீடு கட்டவோ மரம் வைக்கவோ முடியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைச் சொல்லி நேரடியாகக் கேளுங்கள்.

பட்டா அண்ணன் பேரில் இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்டால் போதுமா?

பூர்வீகச் சொத்து என்றால் போதாது. தம்பிகள் வேண்டும், தங்கைகளும் வேண்டும். தமிழ்நாட்டில் 1989 முதலே மகள்களுக்குப் பங்கு உண்டு. 2005 திருத்தம் அதை 1989க்கு முன்பே திருமணமான மகள்களுக்கும் விரித்தது. 2020இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. "அவளுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று, பங்கு கேட்க மாட்டாள்" என்று விற்பவர் சொல்வார். சொல்வது அவர். கேட்கப்போவது அவள், அல்லது இருபது ஆண்டுகள் கழித்து அவள் மகன். தங்கை பெங்களூரில் இருந்தாலும் திருப்பூரில் இருந்தாலும் பத்திரத்தில் கையெழுத்து வேண்டும் என்று நில்லுங்கள். வாரிசுச் சான்றில் இருக்கும் ஒவ்வொரு பேரையும் விரல் வைத்து எண்ணுங்கள். சிறுவர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். பதினெட்டு நிரம்பியபின் மூன்று ஆண்டுகளுக்குள் அவர் வழக்குப் போட முடியும்.

எந்த நிலத்தைத் தொடவே கூடாது?

பஞ்சமி நிலம். பட்டியல் சமூகத்தவருக்கென 1892 ஆணையின்படி ஒதுக்கப்பட்டது. அந்தச் சமூகத்தவர் அல்லாதவருக்கு விற்றால் செல்லாது. எத்தனை கை மாறி வந்திருந்தாலும் அந்தக் குற்றம் தீராது. சட்டம் ஒருபுறம் இருக்க, அது அவர்களுடைய நிலம். அடுத்து நிபந்தனையோடு அரசு ஒப்படைத்த நிலங்கள், பூதான இயக்கத்தில் தானமாக வந்த நிலம், கோயில் இனாம் நிலம், ஓடை, ஏரி, மேய்க்கால் புறம்போக்கு. 'அ' பதிவேட்டைப் பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை தெரிந்துவிடும். "எல்லோரும் அனுபவிக்கிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன" என்று தரகர் சொன்னால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வழி இருக்கிறது என்கிறார்கள். எதைப் பார்த்து நம்புவது?

காலால் நடந்து பார்ப்பது வேறு, காகிதத்தில் பார்ப்பது வேறு. தார்ச் சாலையிலிருந்து உங்கள் வரப்பு வரை ஒவ்வொரு அடியும் யாருடையது என்று புல வரைபடத்தில் தொடருங்கள். வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் நிம்மதி. நடுவில் ஒருவர் பட்டா நிலம் இருந்தால், அவர் நல்லவராக இருக்கும்வரைதான் வழி. அவரிடம் பாதை உரிமையை எழுதிப் பதிவு செய்து வாங்குவதை உங்கள் கிரயத்துக்கு முன் முடியுங்கள், கிரயம் முடிந்த மறுநாள் அதன் விலை மூன்று மடங்காகிவிடும். இருபது ஆண்டுகள் தொடர்ந்து நடந்தால் பாதை உரிமை உண்டு என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் அதை நிரூபிக்க நீதிமன்றத்துக்கு நடப்பதும் நீங்கள்தான்.

அகலம் பத்து அடியாவது வேண்டும். டிராக்டர் டிரெய்லரோடு திரும்ப வேண்டும், போர் வண்டி வர வேண்டும்.

அளந்துதான் வாங்க வேண்டுமா? வேலிக்கல் தெளிவாக இருக்கிறதே?

அளந்துதான் வாங்க வேண்டும். பட்டாவில் 0.45.50 என்று இருந்தால் அது ஹெக்டேர், ஏர் கணக்கு. சுமார் 1 ஏக்கர் 12 சென்ட். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இந்தக் கணக்கைத் தரகரிடம் விடாதீர்கள்.

எங்கள் நிலத்தை அளந்த நாள், நில அளவர் வரைபடத்தை விரித்து, கிழக்கு மூலையில் மூன்று புலங்கள் கூடும் இடத்தில் ஒரு கல் இருக்க வேண்டும் என்றார். யாரும் பார்த்ததில்லை. சங்கிலியை இழுத்துக்கொண்டே போனால் ஒரு பெரிய புளியமரத்தின் அடியில் நின்றது. கடப்பாரையால் சருகைத் தள்ளி ஒரு முழம் தோண்டியதும் டங்கென்று சத்தம். தலையில் அம்புக்குறி வெட்டிய கல், வேருக்குள் பாதி விழுங்கப்பட்டுக் கிடந்தது. அதாவது, பெரியவர் வீட்டார் தங்களுடையது என்று மூன்று தலைமுறையாக உலுக்கிவந்த புளியமரம் என் பக்கத்தில் நின்றது. ஆறு சென்ட். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மரத்தை ஒரு முறை தடவிவிட்டு, அது அவருடைய அம்மா வைத்தது என்று மட்டும் சொன்னார்.

நிலம் எனக்கு, புளி அவர்களுக்கு என்று அங்கேயே பேசி முடித்தோம். எங்கள் வழக்கறிஞருக்கு இது பிடிக்கவில்லை. அதே பெரியவர்தான் பிறகு போர் போட்ட இரவில் கூழாங்கல் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்.

பதிவுச் செலவு எவ்வளவு ஆகும்?

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு வழிகாட்டி மதிப்பு, நீங்கள் கொடுக்கும் விலை இரண்டில் எது அதிகமோ அதன்மேல். 20 லட்சம் ரூபாய் நிலத்துக்கு 1.80 லட்சம். கொடுத்த விலையைக் குறைத்துக் காட்டச் சொல்வார்கள். நாளை வழக்கு வந்தாலோ அரசு கையகப்படுத்தினாலோ பத்திரத்தில் இருக்கும் தொகைதான் பேசும். முன்பணம் கொடுத்துப் போடும் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்யுங்கள், 2012 முதல் அது கட்டாயம். இருபது ரூபாய்த் தாளில் எழுதி மடித்து வைப்பது பழைய பழக்கம்.

நிலத்தில் வேறொருவர் பயிர் செய்துகொண்டிருக்கிறார். கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். குத்தகைதாரருக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அவரைச் சந்தித்து, எத்தனை ஆண்டாக, எந்த ஏற்பாட்டில் என்று அவர் வாயாலேயே கேளுங்கள். நிற்கும் பயிரை அறுக்க அவருக்கு நேரம் கொடுங்கள்.

வேலி போட்டு, மாஞ்செடி நட்டு, பராமரித்தும் தருகிறோம் என்று பத்து சென்ட், இருபது சென்ட்டாக விற்கிறார்களே?

நான் வாங்க மாட்டேன். பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்ததும் உங்களிடம் இருப்பது தனிப் போரும் தனி மின் இணைப்பும் இல்லாத, நடுவில் ஒரு துண்டு. சிறு துண்டுகளாகப் பிரித்துப் பாதை விட்டால் அது மனைப்பிரிவா, விவசாய நிலமா என்ற கேள்வி பதிவு அலுவலகத்திலேயே எழும். விளம்பரத்தில் வரும் குதிரையும் நீச்சல் குளமும் சர்வே எண்ணில் வராது.

வாங்கியாயிற்று. முதல் ஆண்டு என்ன செய்வது?

குறைவாகச் செய்யுங்கள். நிலத்தின் விலையில் பாதி அளவு பணம் தனியாகக் கையில் இல்லாமல் வாங்கியிருந்தால் இன்னும் குறைவாகச் செய்யுங்கள். நான் முதல் மாதமே ஜேசிபியை இறக்கி நிலத்தைத் தட்டையாக்கினேன். ஒரு முழ ஆழச் செம்மண்ணைச் சுரண்டி ஓரத்தில் தள்ளி, சரளையை மேலே கொண்டுவந்து, அதன்மேல் நூற்றிருபது மாங்கன்று வைத்தேன். ஆடிக் காற்றில் பாதி சாய்ந்தது, பங்குனி வெயிலில் மீதி காய்ந்தது. பெரியவரின் மனைவி ஒரு நாள் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "மண்ணுக்குக் கொஞ்சம் கொள்ளு போடுங்கள் தம்பி, மரத்தை அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

புரட்டாசியில் கொள்ளு விதைத்தோம். காவேரிப்பட்டணம் பக்கத்திலுள்ள பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பையூர் 2. களை வெட்டவில்லை, தண்ணீர் விடவில்லை. நிலம் மூடி வந்தது. இரண்டு ஆண்டு கொள்ளும் ஒரு ஆண்டு சணப்பும் போட்டு மடக்கி உழுதபின்தான் மண்ணைக் கையில் அள்ளினால் பிடிபட்டது.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது மண் பரிசோதனை, சரிவுக்குக் குறுக்கே வரப்பு, தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக் குட்டை. பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எலுமிச்சங்கிரியில். நேரில் போனால் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள்.

வேலி எப்படிப் போடுவது? யானை வருமா?

இந்தப் பக்கத்து வசதி கற்கம்பம். கல் உடைக்கும் ஊர் என்பதால் எளிதில் கிடைக்கும், கறையான் அரிக்காது. கம்பியைவிடக் கம்பத்துக்குச் செலவிடுங்கள்.

யானைக்குக் கற்கம்பமும் ஒன்றுதான், முருங்கைக் குச்சியும் ஒன்றுதான். கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வரும். வலசைப் பாதையில் நிலம் வாங்கிவிட்டு யானையைத் திட்டிப் பயனில்லை. காட்டோரத்தில் வாங்குவதாக இருந்தால் கேழ்வரகு, வாழை, கரும்பு, பலா நான்கையும் மறந்துவிடுங்கள். பயிர்ச்சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீடு கேட்கலாம்.

வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது குற்றம். 2023 மார்ச்சில் எங்கள் மாரண்டஅள்ளிப் பக்கம் அப்படியொரு வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. இரண்டு குட்டிகள் சுற்றிச் சுற்றி நின்றன. தோட்டத்துக்காரர் கைதானார். காட்டுப்பன்றிக்கு வைத்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சூரிய மின்வேலிக்கும் இப்போது விதிகளும் பதிவும் உண்டு. வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மின் இணைப்பு கிடைக்க எவ்வளவு நாள் ஆகும்?

விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அதனாலேயே வரிசை நீளம். கட்டணம் செலுத்தி விரைவில் பெறும் திட்டங்கள் அவ்வப்போது அறிவிக்கப்படுகின்றன. ஏற்கனவே சர்வீஸ் உள்ள நிலம் என்றால் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது தப்பில்லை. கிரயம் முடிந்தவுடன் பேர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள். விவசாய இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுக்காதீர்கள், அதற்குத் தனி இணைப்பு. சூரிய பம்புசெட்டுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் கிடைக்கும். ஒன்றேகால் இஞ்ச் தண்ணீருக்கு அது போதும்.

சொட்டுநீருக்கு மானியம் உண்டா?

சிறு, குறு விவசாயிகளுக்கு 5 ஏக்கர் வரை 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். தாசில்தாரிடம் சிறு விவசாயி சான்று வாங்க வேண்டும். பட்டா உங்கள் பேருக்கு மாறியிருக்க வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் ஒவ்வொரு மானியத்துக்கும் அலைச்சல்தான். ஆகவே உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

என்ன பயிர் வைக்கலாம்? மா வைத்தால் சும்மா இருக்கலாம் என்கிறார்களே?

கிருஷ்ணகிரியில் மா வைத்தவர்கள் யாரும் சும்மா இல்லை. பெங்களூரா ரகம் கூழ்த் தொழிற்சாலைக்குப் போவது. விலையைத் தொழிற்சாலைதான் சொல்லும். 2025இல் பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாமல் பழத்தை மரத்திலேயே விட்டவர்களைப் பார்த்தேன். மா ரகங்கள் பலவும் ஒரு ஆண்டு காய்த்தால் மறு ஆண்டு ஓய்வெடுப்பவை. வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முப்பத்து மூன்றடி இடைவெளியில் ஏக்கருக்கு நாற்பது மரம் வையுங்கள். பெங்களூரா மட்டும் வேண்டாம், செந்தூராவும் அல்போன்சாவும் கலந்து வையுங்கள். நடுவில் நிலக்கடலை, அவரை, கொள்ளு ஓடட்டும். காய்ப்பு வர நான்கைந்து ஆண்டு.

தக்காளி சூதாட்டம். ராயக்கோட்டைச் சந்தையில் ஒரே மாதத்தில் பெட்டி வைத்திருப்பவன் ராஜாவாகவும் பரதேசியாகவும் ஆவான். வார இறுதி விவசாயிக்கு அது ஆகாது. பூ தினமும் பறிக்க ஆள் கேட்கும். கையில் ஆள் இல்லாதவருக்குப் புளி, சாமை, கொள்ளு, வரப்போரம் தேக்கு. சந்தனம் வளர்க்கலாம், ஆனால் வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும். திருடனுக்கு அந்த அனுமதி வேண்டாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆள் கிடைப்பார்களா?

கிடைப்பது கடினம். இளைஞர்கள் ஓசூர், பெங்களூர், திருப்பூர் போய்விட்டார்கள். கூலி பேசும்போது ஊர் வழக்கத்தைவிடக் கூட்டியும் கொடுக்காதீர்கள், குறைத்தும் கொடுக்காதீர்கள். கூட்டிக் கொடுத்தால் அக்கம்பக்கத்துக் குடியானவர்களின் பகை வந்து சேரும். காவலுக்கு வெளியூர் ஆளை வைப்பதைவிடப் பக்கத்து நிலத்துக்காரருக்கு மாடு மேய்க்கப் புல்லை விட்டுக்கொடுப்பது நல்ல காவல்.

வீடு எப்போது கட்டுவது?

மூன்று ஆண்டு கழித்து. அதுவரை ஒரு கொட்டகை போதும். எந்த மூலையில் காற்று வரும், எங்கே பாம்பு வரும் என்று அதற்குள் தெரிந்துவிடும். கட்டும்போது ஊராட்சி அனுமதி வாங்குங்கள்.

லாபம் எப்போது வரும்?

என் கணக்கு நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன். முதல் ஐந்து ஆண்டு சிவப்பு மை. ஆறாம் ஆண்டு கொள்ளும் அவரையும் விற்று உழவுக்கூலி தேறியது. எட்டாம் ஆண்டில், பிறகு வைத்த மாவின் முதல் விளைச்சல், விற்று வந்த பணம் வேலிக் கம்பி மாற்றவே சரியாகப் போயிற்று. நிலத்தின் விலை ஏறியிருக்கிறது என்று தரகர்கள் சொல்கிறார்கள். நான் விற்காததால் அது என் கணக்கில் வராது.

வரவில் ஒரு வரி மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் இருக்கிறது. மாசி கடைசியில் பெரியவர் வீட்டிலிருந்து ஓடு உடைத்து, கொட்டை நீக்கி, உப்புத் தூவி உருட்டிய புளி மூன்று உருண்டை வரும். பெரியவர் போன ஆண்டு காலமாகிவிட்டார். இந்த மாசியில் அவர் பேரன் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு, "பாட்டி கொடுத்தார்கள், மாமா" என்று சொல்லிவிட்டு ஓடினான்.